இறுக்கிப் பார்க்கும் இனம்

வெல்டிங் மெஷினைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அதைச் செய்தவனுக்கே தெரியாது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். மருமகள் நடத்தும் பட்டறைக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவேன், அப்படியே சாயங்காலம் வரை வேடிக்கை பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனால் ஓர் அபூர்வ இனத்தை அங்கேதான் கண்டுபிடித்தேன். அபூர்வம் என்றா சொன்னேன்? தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். நான் வைத்த பெயர்: இறுக்கர்.

எது ஓடாமல் நின்றாலும், ஏன் நின்றது என்று இறுக்கர் கேட்கமாட்டார். கேட்பது கையாலாகாதவர்கள் வேலை. கண்ணில் படுகிற முதல் திருகை இறுக்குவார். இன்னும் ஓடவில்லையா, இன்னும் இறுக்குவார். திருகு கிறீச்சிட்டால், "பாத்தியா, வழிக்கு வருது" என்பார்.

என் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உதாரணம். அன்றைக்கு ஒரு மழலையர் பள்ளியின் மாடிப்படிக்குக் கைப்பிடி தயாராகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வண்டி வரும்போது முடிந்திருக்காவிட்டால் வேலை அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடும் என்று பள்ளிக்கூடத்து அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார். கடைசிச் சில கம்பிகள்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, உருகிக் கம்பிகளை ஒட்டவைக்கும் வயரை மெஷின் தள்ள மறுத்தது. உள்ளே இரண்டு குட்டிச் சக்கரங்கள் வயரைக் கவ்வி, நீளமான குழாய் போன்ற கேபிள் வழியாக, டார்ச் என்று அவர்கள் சொல்லும் பற்றவைக்கும் கைப்பிடிக்குத் தள்ள வேண்டும். சக்கரங்கள் சுற்றின. வயர் வரவில்லை.

"அப்பா, கை வைக்காதீங்க. எங்க அடைச்சிருக்குன்னு பாக்குறேன்."

"என்னம்மா பாக்க இருக்கு? சக்கரம் புடிக்கல. இறுக்கினா வராம எங்க போகும்?"

சக்கரங்களை அழுத்தும் திருகை இறுக்கினார். வயரின் தரத்தைத் திட்டிவிட்டு இறுக்கினார், கரண்டைத் திட்டிவிட்டு இறுக்கினார், விற்ற கடைக்காரனின் வம்சத்தை விசாரித்துக்கொண்டே இறுக்கினார். முன்னால் வழியில்லாத வயர் என்ன செய்யும்? நசுங்கி, சுருண்டு, மெஷினின் வயிற்றுக்குள்ளேயே காக்காய்க் கூடு கட்டியது.

"இது பிறவிக் கோளாறு," என்று தீர்ப்பளித்தார்.

"இல்லப்பா. ஒரு கோளாறு இருந்துச்சு, இப்ப ரெண்டாச்சு."

அவள் திருகைத் தளர்த்தினாள். கூட்டை வெட்டி எறிந்தாள். டார்ச்சின் முனையைக் கழற்றிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. பிறகு கேபிளைத் தடவிக்கொண்டே குனிந்து நடந்தாள், ஒரு நாற்காலியருகே நின்றாள். கேபிளின் மேல் நாற்காலிக் கால்! வயர் போகும் பாதையை மிதித்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தபடிதான் இந்த மனிதர் ஊரையெல்லாம் குறை சொல்லியிருக்கிறார். நாற்காலி நகர்ந்தது. வயர் சரசரவென்று ஓடி வந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தபோது கடைசிக் கம்பியில் இன்னும் சூடு ஆறவில்லை. கைப்பிடி பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது.

சிரித்தது போதும். லிஃப்ட் வராவிட்டால் பொத்தானை இன்னும் பலமாக அழுத்துவது யார்? நீங்கள் சொல்வது எதிராளிக்குப் புரியாவிட்டால் அதையே இன்னும் உரக்கச் சொல்வது யார்? படிப்பு ஏறாத பிள்ளைக்கு இன்னொரு ட்யூஷன் வைப்பது யார்? உங்கள் வீட்டில் யாராவது இருக்கக்கூடும். இல்லையென்றால், கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எழுதியதை மருமகளுக்குப் படித்துக் காட்டினேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னாள்:

"எல்லாம் சரிதான் அத்தை. ஆனா அப்பா அன்னைக்கு நின்னுக்கிட்டே இருந்தாரு. நாற்காலியில உக்காந்திருந்தது நீங்க."