ஒரு சொட்டும் கசியாத படகு

ஒரு காட்டில் ஆறு ஒன்று குறுக்கே ஓடியதால், இக்கரை விலங்குகளின் அவசரங்களெல்லாம் அக்கரையிலேயே இருந்தன. அவற்றை ஏற்றி இறக்கச் சடையன் என்ற கரடி ஓர் அலுமினியப் படகு வைத்திருந்தது. அதே ஆற்றில் ஒரு முதலையும் சவாரிக்குத் தயாராகக் கிடந்தது. ஏற்றிக்கொள்வதில் முதலையிடம் ஒரு குறையும் கிடையாது. இறக்கிவிடுவதில்தான் சற்று மறதி.

ஒரு நாள் படகின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டது. மழைக்கு முன் நடக்கும் ஆய்வில் படகு கசிந்தால் சடையனின் உரிமம் போய்விடும். படகுத்துறை முதலைக்குப் போகும்.

"மாமா, எம் மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம்," என்றது குருவம்மா என்ற முயல். "அக்கரைக்குப் போயாகணும். படகு எப்போ ஓடும்?"

"கொஞ்சம் பொறு தாயி. அலுமினியத்தை உருக்கிப் பத்தவைக்கிற டிக் வெல்டிங் கத்துக்கிட்டு நானே ஒட்டிடறேன்."

காட்டுப் பயிற்சி நிலையத்தில் டிக் வெல்டிங் இயந்திரம் இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு முள்ளம்பன்றி வாத்தியாரும் இருந்தது. அதுவே படகை ஒட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் வாசலில் பலகை தொங்கியது: 'இங்கே பழகலாம். பழுது பார்க்கக் கூடாது.' சடையன் மூன்று படிவங்களில் கைரேகை வைத்தது. நான்காவது படிவம், முதல் மூன்றும் தன் கைரேகைதான் என்பதற்கு.

"வலக்கையில டார்ச்," என்றது முள்ளம்பன்றி. "இடக்கையில கம்பி. காலுக்குக் கீழே பெடல். அமுக்கினா சூடு ஏறும், விட்டா இறங்கும். மூணும் ஒரே நேரத்துல நடக்கணும். மூச்சு மட்டும் உங்க இஷ்டம்."

"சரி வாத்தியாரே."

"முக்கியமான விஷயம். ஒட்டப்போற பொருள் எந்த உலோகமோ, எவ்வளவு கனமோ, அதே மாதிரித் தகட்டுலதான் பழகணும். கண்டதுல பழகினா கை கெட்டுப்போகும்."

நல்ல அறிவுரைதான். அது இல்லாவிட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அந்த உலோகம், அந்தக் கனம் என்று தேடினால் காடு முழுவதிலும் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. சடையன் படகின் இருக்கைப் பலகையை அறுத்து எடுத்தது. ஆற்றைக் கடக்கிற நேரம் நின்றுகொண்டு போனால் யாருக்கும் கால் தேய்ந்துவிடாது.

இரும்பென்றால் உருகுவதற்கு முன் சிவந்து காட்டும். அலுமினியத்துக்கு அந்த நாகரிகம் கிடையாது. முகம் மாறாமல் இருந்துவிட்டுப் பொத்தென்று விழும். முதல் வாரத்தில் பலகை முழுக்க ஓட்டையானது. நடுநடுவே டார்ச்சின் டங்ஸ்டன் ஊசி உருகிய உலோகத்தைத் தொட்டுக் கறுக்கும். உடனே ஊசியைக் கழற்றித் தீட்ட வேண்டும். சடையன் ஒரு நாளில் கால் மணி நேரம் பற்றவைத்தது, ஆறு மணி நேரம் ஊசி தீட்டியது.

"அப்படியே என் முதுகுல இருக்கறதையும் தீட்டிக் குடுத்துடுங்க," என்றது முள்ளம்பன்றி. "உங்களுக்கு அந்த வேலை நல்லா வருது."

இரண்டாவது வாரம் படகின் விளிம்பு போயிற்று. பிடித்துக்கொள்ள ஏதுமில்லை என்றால் பயணிகள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் தோலைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுக்கச் சடையன் மறந்தது. பற்றவைத்த இடமெல்லாம் கறுப்பு உருண்டைகளாக நின்றன.

எட்டிப் பார்த்த குருவம்மா, "புழுக்கை போடறது எங்க வேலையாச்சே மாமா, நீங்க ஏன் சிரமப்படறீங்க?" என்றது. பிறகு படகைப் பார்த்தது. "அது சரி, படகு சிறுத்துக்கிட்டே வருதே?"

"கை தேறிக்கிட்டே வருதே, அதைப் பாரு தாயி. அரைகுறைக் கையோட படகைத் தொடலாமா?"

சடையனுக்குத் தன் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது வாரம் பக்கச்சுவர்கள். நான்காவது வாரம் அடித்தகடு. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. உருகிய உலோகம் கண்ணாடிபோல மின்னியது. கம்பி சொட்டுச் சொட்டாக இறங்கியது. பற்றவைத்த கோடு மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தது. முள்ளம்பன்றி முள்ளெல்லாம் தழைய நின்று பார்த்துவிட்டு, 'மிகச் சிறப்பு' என்று சான்றிதழில் எழுதியது.

அன்றே சடையன் விரிசலைப் பற்றவைத்தது. விரிசலும் அதைச் சுற்றி நாலு விரல் தகடுமே மிச்சம். வேலை அற்புதமாக அமைந்தது.

ஆய்வுக்கு வந்த நாரை ஒற்றைக் காலில் நின்று படிவத்தைப் பிரித்தது.

"விரிசல் எங்கே?"

"இதோ சார்."

"தண்ணி ஊத்து."

சடையன் ஊற்றியது. தகட்டின் அடியில் ஈரமே இல்லை.

"கசிவு இல்லை," என்று நாரை எழுதிக்கொண்டது.

"ஐயா, படகு எங்கேன்னு கேளுங்க ஐயா," என்றது குருவம்மா.

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லையேம்மா," என்று நாரை கையெழுத்துப் போட்டுவிட்டுப் பறந்தது.

உரிமத்தை வைத்துக்கொண்டு சடையன் கரையில் நின்றது. முதலை மெல்ல மேலே வந்தது.

"உரிமம் உங்ககிட்ட இருக்கு. முதுகு எங்கிட்ட இருக்கு. சேர்ந்து பண்ணுவோம் அண்ணே."

சடையன் யோசித்தது. பிறகு தகட்டை முதலையின் முதுகில் வைத்து, பற்றவைத்த செதில் வரிசை மேலே தெரியும்படி திருப்பி வைத்தது. "ஏறு தாயி. சர்க்காரே பார்த்து, கசியலைன்னு எழுதிக் குடுத்திருக்கு."

குருவம்மா தகட்டைப் பார்த்தது. முதலையைப் பார்த்தது. அக்கரையில் மகள் தனியாக இருந்தது. ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் காலை தகடு மட்டும் இக்கரைச் சேற்றில் கிடந்தது. சடையன் ஓடிப்போய் எடுத்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பல் பட்டு ஒரு மூலை நசுங்கியிருந்தது. பற்றவைத்த இடம் ஒரு மயிரிழைகூடப் பிரியவில்லை.

சடையனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நீதி: தொழிலைத் திருத்தமாகக் கற்றவர்மேல் ஒரு புகாரும் வராது; புகார் சொல்ல யாராவது கரையேறினால்தானே.