நடு ஆற்றில் இறங்கியவர்கள்

"நடு ஆத்துல எப்படிங்க இறங்கிப் போவாங்க?"

"எப்படியோ போறாங்க. நூத்துக்கு எழுபது பேர். படகுல ஏறுறாங்க, உங்க படகுக்காரர் கதையை ஆரம்பிக்கிறார், அவ்வளவுதான். ஆளைக் காணோம்."

சொன்னவன் பெயர் சதவீதம். செல்போன் விளையாட்டு தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவனுக்கு வேறு பெயர் வழக்கத்தில் இல்லை. ஆடுகிறவர்கள் எங்கே தொட்டார்கள், எங்கே தொடாமல் விட்டார்கள் என்று எண்ணுவது அவன் வேலை. பத்து நிமிடம் திரையில் விரல் படாவிட்டால், அந்த ஆள் போய்விட்டதாகக் கணக்கு.

கேட்டவள் விளையாட்டுக்குக் கதை எழுதுகிறவள். பேச்சின் நடுவிலேயே கண்கள் ஜன்னலைத் தாண்டிப் போய்விடும் என்பதால் அவளுக்கு ஆகாயம் என்று பட்டப்பெயர். ஆற்றை எழுதியவள் அவள்தான். கையில் விளக்கோடு வரும் பயணியை ஏற்றிக்கொண்டு படகு அக்கரைக்குக் கிளம்பும். மழை தூறும். துடுப்பு தண்ணீரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் விழும். படகுக்காரர் நிலாவை விழுங்கிய மீனின் கதையை, அவசரமே இல்லாமல், சொல்லிக்கொண்டே போவார்.

இப்போது அந்த எழுபது பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரில் இறங்கிப் போவது அவள் கண்ணில் தெரிந்தது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு," என்றான் சதவீதம். "நேத்து போனவங்கதான் இன்னிக்கும் போயிருக்காங்க."

"போனவங்க எப்படி மறுபடி போவாங்க?"

"மறுபடி வந்துட்டுப் போறாங்க. தினமும் வந்து, படகுல ஏறி, வெறுத்துப் போறாங்க."

"அவ்வளவு வெறுப்பா?"

"விடாப்பிடியான வெறுப்புங்க."

பின்னால் மேனேஜர் வந்து நின்றார். "நானே தினம் வீட்ல ஆடிப் பாக்குறேன். ஒரு நாளாவது அக்கரையைக் கண்ணால கண்டிருக்கேனா? மீன் வாயைத் திறந்தது வரைக்கும்தான் ஞாபகம். அதுக்கு மேல என்ன நடந்ததுன்னே மனசுல நிக்கலை. அவ்வளவு சப்புன்னு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளுங்களைப் படகுல உக்கார வைங்க. இல்லன்னா ஆத்தையே தூர்த்துடுவோம். ஆறு இல்லன்னா அப்புறம்..." என்று ஆகாயத்தின் நாற்காலியைப் பார்த்தார். மீதி நாற்காலிக்குப் புரிந்தது.

ஆகாயம் ஆற்றில் ஒரு முதலையை விட்டாள்.

மறுநாள் எழுபது எண்பதாயிற்று.

"முதலைக்குப் பயந்துட்டாங்களா?"

"பயம் மாதிரி தெரியலை. கோவம் மாதிரி இருக்கு. 'உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா'ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்."

"ஒரு முதலைக்கா?"

"ஒரே ஒரு முதலைக்கு."

அடுத்து, படகுக்காரர் வரிக்கு வரி கேள்வி கேட்கத் தொடங்கினார். மீன் நிலாவை விழுங்கியது. எதை விழுங்கியது? பதில் தவறினால் படகு கவிழும்.

எண்பது தொண்ணூறாயிற்று. "முன்னாடியாவது மறுநாள் வந்து வெறுத்தாங்க," என்றான் சதவீதம் துக்கமாக. "இப்ப வெறுக்கக்கூட வர மாட்டேங்கிறாங்க."

கடைசியாக, தூறலை இடியாக்கினாள். தண்ணீருக்கு அடியில் முரசு வைத்தாள். படகுக்காரரைக் கொள்ளைக்காரர் ஆக்கினாள். அந்த வரியை எழுதும்போது அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, நானாம்மா, என்று அவளைப் பார்த்ததுபோல் இருந்தது. மன்னிச்சுக்கோங்க என்று முணுமுணுத்தபடியே அவர் கையில் கத்தியைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை படகு காலியாக ஓடியது.

மேனேஜரின் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. காலில் ஜோடி சேராத இரண்டு செருப்புகள். நாலு நாளாகவே யார் வணக்கம் சொன்னாலும் வள்ளென்று விழுந்துகொண்டிருந்தார்.

"போதும். ஆத்தை எடுத்துடுங்க. பழசு, புதுசு, எல்லாத்தையும். மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் என்ன பேசுவார் என்று ஆகாயத்துக்குத் தெரியும். அவள் விரல் அழிக்கும் பொத்தான்மேல் போய் நின்றது. எங்கோ படகுக்காரர் கரையேறி, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வந்தார். மேனேஜரின் மனைவி. கணவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடி கையில் இருந்தது. அந்த அம்மாளின் கண்களும் சிவந்திருந்தன. அதை அவர் கையில் திணித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க அந்தப் படகுக் கதை எழுதுறது யாருங்க?"

ஆகாயம் குற்றவாளியைப்போல் எழுந்து நின்றாள். "நான்தாங்க."

அம்மாள் நெருங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மீன் வாயைத் திறந்ததுமே இவர் குறட்டை விட்டுடுவாரும்மா, எங்க தெருவுல பாதிப் பேர் அந்தப் படகுலதான் தூங்கினோம், முதலை வந்ததுலேர்ந்து ஒருத்தரும் கண்ணை மூடலை, அந்தப் பழைய ஆத்தைக் கொஞ்சம் திருப்பிக் குடுக்கிறியா?"