திருவல்லிக்கேணிப் படையெடுப்பு

ஒரு வீட்டில் ஒரு ராஜாதான் இருக்க முடியும் என்று போன ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். அது நான்தான் என்றும் முடிவு செய்தேன். இரண்டையும் மனதுக்குள்தான் செய்தேன்.

தகராறு எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டின் சின்ன ரூமைப் பற்றியது. ஆபீஸ் விட்டு வந்ததும் அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பில் சாம்ராஜ்யம் ஆளுவேன். தாயம் மாதிரி ஆளுக்கு ஒரு டர்ன் என்று மாறி மாறி ஆடும் விளையாட்டு. ஊர் கட்டிப் படை சேர்த்து, அடுத்தவன் தலைநகரைப் பிடித்தால் வெற்றி. நடுவில் என் மனைவி ஹம்சா குக்கரை அணைக்கச் சொல்லிக் குரல் கொடுப்பாள். "என் டர்ன் இன்னும் முடியலை" என்பேன். சாதம் குழைந்துபோகும். சாப்பிடும்போது நான் அதைக் குறை சொல்வதில்லை. குக்கரை அணைப்பது, வாசல் கதவைப் பூட்டுவது எல்லாம் அவள் இலாகா. ராஜாக்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

ஹம்சா வீணை சொல்லித் தருகிறாள். வகுப்பு ஹாலில், ஃப்ரிட்ஜுக்கும் டைனிங் டேபிளுக்கும் நடுவில் நடக்கும். அந்த ரூம் தனக்கு வேண்டும் என்றாள். முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் தந்திரம் செய்தேன். ஒரே லேப்டாப்பில் நாம் இருவரும் ஆடுவோம், ஜெயித்தவருக்கு ரூம் என்றேன். நான் மூன்று வருஷமாக ஆடுகிறவன். அவள் லேப்டாப்பைத் தூசி தட்டத்தான் தொட்டிருக்கிறாள். உடனே சரி என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என் திட்டம் எளிமையானது. எதிரி மதில் எழுப்புவதற்குள், ஆரம்பத்திலேயே மொத்தப் படையோடு போய் அமுக்கிவிடுவது. என் தலைநகருக்கு மந்தைவெளி என்று பெயர் வைத்தேன். அவள் தன் பிறந்த வீட்டை விடவில்லை, திருவல்லிக்கேணி என்று வைத்தாள்.

பத்து டர்னுக்குள் எனக்கு ஆறு வீரர்கள். அவள் வயல் போட்டாள், குளம் வெட்டினாள். அவளுக்கு இருந்ததே ஒரே ஒரு வீரன். அவனையும் கடற்கரைப் பக்கம் அனுப்பினாள்.

"ஏன்னா, இவன் எங்கே வேணும்னாலும் போலாமா?"

"தாராளமா போலாம். ஊரைச் சுத்திப் பாக்கட்டும்."

"நீங்கோ எங்கே கிளம்பறேள்?"

"சும்மா, காத்து வாங்க."

"எல்லாரையும் கூட்டிண்டா?"

"எல்லாரையும்தான்."

தலையை ஆட்டிவிட்டுப் போய் எனக்குக் காபி கலந்து வந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

இருபதாவது டர்னில் என் ஆறு பேரும் திருவல்லிக்கேணி வாசலில் நின்றார்கள். காவலுக்கு ஈ காக்கை இல்லை. அடுத்த டர்னில் உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி. ரூமில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போடலாம் என்று நினைத்தபடி லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் ஒரு தட்டுத் தட்டினாள். முரசு கொட்டியது. மந்தைவெளி வீழ்ந்தது, ஆட்டம் முடிந்தது என்று திரையில் வந்தது. கடற்கரைப் பக்கம் போன அந்த ஒற்றை ஆள் சுற்றி வளைத்து வந்து, ஆளில்லாத என் தலைநகருக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்திருந்தான்.

"எப்படி ஹம்சா?"

"இருபத்தாறு வருஷமா பாத்துண்டிருக்கேன். நீங்கோ என்னிக்கு ஆத்தைப் பூட்டிண்டு கிளம்பியிருக்கேள்?"

வாஸ்தவம்தான். அறுபத்து மூவர் உற்சவக் கூட்டத்தில் மாட வீதி வரைக்கும் வந்துவிட்டு, வீட்டைப் பூட்ட அவள் திரும்பி ஓடியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே ரூமைக் காலி செய்து கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் வருத்தம் இல்லை. ஹாலில் ஃபேன் காற்று நன்றாக வருகிறது. உள்ளே குழந்தைகள் சரளி வரிசை வாசிக்க, நான் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் பேப்பர் படிக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நேற்று வகுப்பு கிடையாது. ஆபீஸ் விட்டு வந்தால் ரூம் கதவு சாத்தியிருந்தது. லேப்டாப்பைத் தேடினேன், காணோம். அடுக்களையில் குக்கர் நாலாவது விசில் அடித்தது. ரூம் கதவைத் தட்டி, குக்கர் கூப்பிடுகிறது என்றேன். உள்ளே முரசு கொட்டியது.

"நீங்களே அணைச்சுடுங்கோ. என் டர்ன் இன்னும் முடியலை."