முப்பத்தொரு தலைகளும் மாடி டாக்டரும்

ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் கும்பிடுவோம், அல்லது கை கொடுப்போம். இரண்டையும் செய்யாமல், எதிரே நிற்பவரின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்த ஒரே அரசியல்வாதி இந்தப் பூமியில் எங்கள் மாடி டாக்டர்தான். அதனால்தான் அவர் உருப்படவில்லை என்பது என் கட்சி. எங்களால்தான் என்பது என் மனைவியின் கட்சி. இரண்டாவது கட்சிக்குத்தான் ஆதாரம் அதிகம்.

கானா நாட்டிலிருந்து மதுரைக்கு மருத்துவம் படிக்க வந்தவர். விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்ததால் மாடி டாக்டர். அழகான சொந்தப் பெயர் இருந்தது. தெருவில் ஒருவரும் அதை ஒழுங்காகச் சொல்லாததால் அவரே விட்டுவிட்டார். இரண்டாம் வருடத்தில் அவர் பேச்சு எங்களைவிட மதுரையாகிவிட்டது. "வாரேண்ணே" என்று படியிறங்குவார். முனை இட்லிக் கடையில் "சட்னி இம்புட்டுத்தானா?" என்று சண்டைக்கு நிற்பார்.

இமையை இழுப்பது ரத்தசோகையைக் கண்டுபிடிக்கும் வழியாம். இடம் பொருள் பார்க்க மாட்டார். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் மேடையேறி, மொய்க் கவரைக் கொடுத்த கையோடு மாப்பிள்ளையின் இமையை இழுத்துவிட்டார். வீடியோக்காரர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"மாப்ள, ரத்தம் ரொம்பக் கம்மி. முருங்கைக்கீரை சாப்பிடுங்க."

பெண் வீட்டார் வரிசையில் ஒன்பது பேர் எழுந்து நின்றார்கள். அவர்களை உட்கார வைப்பதற்குள் எனக்குப் பாயசம் தீர்ந்துபோனது. அந்த மாப்பிள்ளை இன்றுவரை கீரை சாப்பிடுகிறார். எங்களோடு மட்டும் பேசுவதில்லை.

நான் காலையில் எழுந்ததும் என் நாடியை எண்ணுகிறவன். ஏறினால் கவலை, இறங்கினால் பெரிய கவலை. ஒரு நாள் டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாடி நல்லாத்தாண்ணே இருக்கு. நீங்க எண்ணுறதைப் பாத்துத்தான் அது பயப்படுது."

படித்து முடித்து ஊருக்குப் போனார். அவருடைய ஊரில் அவர் ஒருவர்தான் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். வருடம் ஆக ஆக அந்த முகம் வாடிக்கொண்டே வந்தது. பிரசவம் சிக்கலானால் பெண்களைக் குண்டும் குழியுமான சாலையில் பெரிய ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். சிலர் போய்ச் சேருவதில்லை. ஒரு பிரசவ வார்டு வேண்டும் என்று எழுதினார், எழுதினார். மனுக்கள் போன இடத்திலேயே குடியேறிவிட்டன.

"அண்ணே, எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன்."

எனக்கு நாடி ஏறியது. "இருக்கிற ஒரு டாக்டரும் ஓட்டுக் கேட்கப் போயிட்டா அங்க பிரசவம் யாரு பாக்குறது?"

"ஜெயிச்சா வார்டு வரும்ணே. இல்லைன்னா மறுபடியும் ஊசி போடப் போறேன்."

முதல் தேர்தலில் தோற்றார். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்காமல் இமையை இழுத்திருக்கிறார். "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் அப்படிச் சொன்னால் கோபம் வராதா? ஆரப்பாளையத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் எங்கள் தெருப் பாண்டி சொன்னான்: "கை குடுக்க வேண்டிய இடத்துல கண்ணை நோண்டுனா எவன் சார் ஓட்டுப் போடுவான்?"

இரண்டாம் தேர்தலுக்குள் கை கொடுக்கக் கற்றுக்கொண்டார். கூட்டம் சேர்ந்தது. இந்தத் தடவை வார்டு வந்துவிடும் என்று அவர் குரலிலேயே தெரிந்தது. அப்போதுதான் பாண்டி கிளம்பினான்.

"நம்ம டாக்டருக்கு நாம செய்யாம யாரு சார் செய்வா?"

"ஓட்டு அங்கே இருக்குடா. பிளக்ஸ் ஆரப்பாளையத்துல எதுக்கு?"

"கெத்துக்கு சார்!"

வைத்தான். நடுவில் வெள்ளைச் சட்டையில் டாக்டர், பின்னால் ஒரு சிங்கம், கீழே வைத்தவர்களின் தலைகள். வைத்தவர் தலை இல்லாமல் மதுரையில் பிளக்ஸ் வைத்ததாகச் சரித்திரம் இல்லை. எண்ணினேன்: முப்பத்தொன்று. ஒன்று என்னுடையது. பாண்டி கூலிங்கிளாஸ் போட்டு, காதில் போனோடு இருந்தான். படத்தைப் பார்த்த டாக்டர் பூரித்துப்போய்த் தன் தொகுதி முழுவதற்கும் அனுப்பிவிட்டார்.

எதிர்க்கட்சிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "கீழே வரிசையாக இருக்கும் இந்த முப்பத்தொரு பேர் யார்? இவரை விலைக்கு வாங்கிய வெளிநாட்டு முதலாளிகள்!" என்று அச்சடித்து ஒட்டினார்கள். இட்லிக் கடைக்காரர் முதலாளி. பாண்டி முதலாளி. வயதை வைத்து என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள்.

அவர் கட்சிக்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். 'இவர்கள் யாரென்றே தெரியாது, போலிப் படம்' என்று ஒரு வரி சொன்னால் போதும், முடிந்தது. கடைசிக் கூட்டத்தில் அதைச் சொல்லத்தான் மேடையேற்றினார்கள். அதன் வீடியோ எங்களுக்கு வந்தது. அந்தப் படத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை தலையாக விரல் வைத்து ஆங்கிலத்தில் சொன்னார்: இவர் இட்லிக் கடைக்காரர், சர்க்கரை. இவர் பாண்டி, மூலம். இவர் என் அண்ணன், ஒரு நோயும் இல்லை, அதுதான் அவருடைய கவலை. முப்பத்தொரு பேரையும் முடித்துவிட்டு, "இவர்கள் வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன். தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?" என்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டு மட்டும் போடவில்லை.

முடிவு தெரிந்த அன்று பாண்டி எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தான். "என் மூஞ்சியைப் போடாம இருந்திருந்தா அங்க ஒரு வார்டு வந்திருக்கும்ல சார்?"

எதையும் எண்ணிவிடுகிற எனக்கு, இனி அந்தச் சாலையில் எத்தனை பெண்கள் போவார்கள் என்பதை மட்டும் எண்ணத் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். பின்னால் அதே பழைய கிளினிக் சுவர். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல டாக்டர்?" என்று கேட்டேன்.

"அண்ணே, போனைக் கிட்ட கொண்டு வாங்க. இமையைக் கீழ இழுங்க."

இழுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரத்தம் நல்லாத்தாண்ணே இருக்கு. அழுகையை மட்டும் நிறுத்துங்க."

பக்கத்தில் பாண்டி தன் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தான்.