பொருள் ஏற்புக் குழுவும் பத்து மைக்ரோகிராம் புரதமும்

மனித குலம் மலையைக் குடைந்திருக்கிறது, நிலவில் இறங்கியிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு நிறுவனத்தின் 'பொருள் ஏற்புக் குழு'வைப் போல ஒன்றை அது இன்னொரு முறை உண்டாக்கும் என்று தோன்றவில்லை. வெளியிலிருந்து எது வந்தாலும், உறுப்பினர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து 'கண்ணால் கண்டோம், நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் அதை யாரும் தொடக் கூடாது. பொருளைக் கேட்டவர் அறைக்குள்ளேயே வரக் கூடாது, வந்தால் 'பாரபட்சம்'. இந்த ஏற்பாட்டால் பதினோரு ஆண்டுகளாக அங்கே ஒரு பொருள்கூடத் தவறாகப் பயன்படுத்தப்பட்டதில்லை. பயன்படுத்தப்பட்டால்தானே தவறாக?

அந்தத் திங்கட்கிழமை வந்தது விரல்நுனி அளவில் ஒரு குப்பி. அதற்காக ஆய்வாளர் ஏழு மாதம் காத்திருந்தாள். நோய் எதிர்ப்புச் செல்களைப் பார்த்து 'போதும், அடங்கு' என்று சொல்லும் மனிதப் புரதம் அது. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, ஆய்வுக்கென்றே தயாரித்த மறுசேர்க்கைப் புரதம். அவளுடைய அக்காவின் உடம்போ மூன்று வருடமாகத் தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தது. ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அக்கா, அன்று காலை பல்லைக் கடித்துக்கொண்டு ரத்தம் கொடுத்திருந்தாள். அதிலிருந்து பிரித்த நோய் எதிர்ப்புச் செல்கள் ஆய்வகத் தட்டில் வியாழக்கிழமை வரைதான் தாங்கும். அதற்குள் புரதத்தைச் சேர்த்தால் அவை அடங்குகின்றனவா என்று தெரிந்துவிடும்.

"சார், இன்னைக்கே பாத்துக் கொடுத்துடுங்க. லேட்டானா செல்லெல்லாம் செத்துப்போயிடும்."

"செத்துப்போனா ஒரு லெட்டர் எழுதிக் கொடும்மா. அதுக்கு வேற குழு இருக்கு," என்றார் ஸ்டோர் அதிகாரி, அன்பாகவே.

அவர்தான் குழுவின் தலைவர். இரண்டாமவர் நூலகர், அறிவியல் அறவே தெரியாதவர் என்பதால் நடுநிலையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், செவ்வாய் வரை விடுப்பில் இருந்தார். மூன்றாமவர் லிஃப்ட் இன்ஜினியர். புதன்கிழமை கூட்டத்துக்கு வரும் வழியில் அவர் லிஃப்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். ஆகவே, குழு வியாழக்கிழமை கூடியது. ஆய்வாளர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள்.

ஸ்டோர் அதிகாரி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "உள்ள ஒண்ணுமே இல்லையே!"

"இருக்குன்னு லேபிள்ல போட்டிருக்கு. அச்சுல வந்தா இருக்கும்," என்றார் நூலகர்.

இன்ஜினியர் பார்சல் தராசில் குப்பியை வைத்தார், பூஜ்யம். குப்பியை எடுத்தார், அப்போதும் பூஜ்யம். "தராசு கரெக்டா இருக்கு," என்று அறிவித்தார்.

அவர்கள் தேடியது பத்து மைக்ரோகிராம். ஒரு கிராமை லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. வழியில் குலுங்கியதில், உலர்ந்த பொடியாக இருந்த அந்தப் புரதம் மூடியின் உட்புறம் போய் ஒட்டியிருக்கும். திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுழற்றி அடியில் இறக்க வேண்டும் என்று ஆய்வாளர் மூன்று பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் குறிப்பும் வெளியிலிருந்து வந்த பொருள்தானே? அதை ஏற்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவதாக இருந்தார்கள்.

ஸ்டோர் அதிகாரி மூடியைத் திருகினார்.

"சார்! திறக்காதீங்க!" அவள் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

"பாவம், பொண்ணு ஆசையா நிக்குது," என்றார் நூலகர்.

ஸ்டோர் அதிகாரி மூடியைக் கண்ணருகே கொண்டுபோனார். "பாத்தீங்களா, உள்பக்கம் லேசா தூசி. இத எப்படி நல்ல நிலைன்னு எழுதறது?" சலவை மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து, மூடியின் உட்புறத்தைப் பளிச்சென்று துடைத்தார்.

ஆய்வாளர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வந்த கோபத்தில் அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

மூவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள்: 'குப்பி ஒன்று. சுத்தமானது. நல்ல நிலையில் உள்ளது.' இயக்குநர் நேரிலேயே வந்து பாராட்டினார். "ஒரே வாரத்துல ஏத்துக்கிட்டாங்க. சாதனைம்மா இது! குழுவுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிடுங்க."

அவள் வராந்தாவுக்குப் போய் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, இன்னொரு தடவை ரத்தம் கொடுக்கணும். இப்ப இல்ல. புதுசு வர ஏழு மாசம் ஆகும்."

"ஏன்டி, திங்கக்கிழமை கொடுத்தது?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அடுத்த குப்பி வந்தா ஒண்ணு பண்ணு. அத உங்க குழுவுக்குப் போட்டுடு. சொந்த ஆளுங்களையே தாக்குற வியாதி அங்கதான் முத்திப்போயிருக்கு."

"விளையாடாதக்கா. மனுஷங்களுக்குப் போடக் கூடாதுன்னு அதுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"அதனாலதான்டி சொல்றேன், அவங்களுக்குப் போடலாம்னு."