கார்ன்மோரில் ஆடியவர்

கடலோரத்தில் கோல்ஃப் மைதானம் உள்ள எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அங்கே ஒரு வகை மனிதர் நிச்சயம் இருப்பார். அந்த இனத்துக்கு 'அங்கே ஆடியவர்' என்று பெயர் வைக்கலாம். அங்கே என்றால் எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை; கேட்காமலே சொல்லுவார். பெரிய சாம்பியன்ஷிப் நடக்கிற பேர்போன மைதானத்தில் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஆடியிருப்பார். மிச்ச வாழ்நாளை அந்த ஒரு முறையை வைத்தே ஓட்டிவிடுவார்.

அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். ஆளைப் பார்ப்பதற்கு முன் அவர் புல்லைப் பார்ப்பார். கல்யாண வீட்டுப் புல்வெளியில் எல்லாரும் போட்டோவுக்கு நிற்கும்போது இவர் மட்டும் குனிந்து உள்ளங்கையை அழுத்தி, "அடியில ஈரம் நிக்குது" என்பார். சாவு வீட்டுக்குப் போனாலும் கல்லறைத் தோட்டத்தில் புல்லை வெட்டியவன் யார் என்று விசாரிப்பார். சாம்பியன்ஷிப் வாரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். மழை பெய்தால் தரை சாணி மாதிரி இருக்கிறது, வெயில் அடித்தால் புல்லைக் கருக்கிவிட்டார்கள், காற்று அடித்தால் அதெல்லாம் ஒரு காற்றா! "இது ஒரு காட்டுப்புல்லா? நான் ஆடினப்போ முழங்கால் வரைக்கும் இருந்துச்சு." இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அவருக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

எங்கள் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இன்வர்லாரிக் என்ற சின்ன ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற லாக்லன் டஃப் இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி. அவர் தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. கண் பரிசோதனைக்கு வந்தவர் மோவாயைக் கருவியில் வைத்த பிறகு எங்கே ஓடுவார்?

"கீழ் வரி தெரியுதா?"

"தெரியுது."

"கார்ன்மோர்ல பதினாலாவது குழிக்குப் பக்கத்துல ஒரு மணல் பள்ளம் இருக்கே..."

"அது இங்கேருந்து தெரியல லாக்லன்."

கார்ன்மோர்தான் அவருடைய 'அங்கே'. காரில் போனால் ஒரு மணி நேரம். எங்கள் ஊர் மைதானமோ வேறு மாதிரி. அது ஊருக்குப் பொதுவான நிலம், ஆடு மேய்க்க எல்லாருக்கும் உரிமை உண்டு. குழி இருக்கிற மழமழப்பான இடத்துக்கு கிரீன் என்று பெயர். அதைச் சுற்றி ஆடு ஏறாமல் இருக்க மின்கம்பி கட்டியிருக்கிறோம். மற்ற இடமெல்லாம் ஆடுகளின் ராஜ்ஜியம். ஆட்டுப் புழுக்கையில் பந்து விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தனியாக ஒரு விதியே உண்டு. லாக்லனுக்கு இதை நினைத்தாலே முகம் சுருங்கிவிடும்.

அதனால்தான் எங்கள் கிளப்பில் புல்தரைக் கமிட்டியின் தலைவர் பதவி காலியானதும் அதை அடைய அவர் தவியாய்த் தவித்தார். "ஆட்டையெல்லாம் விரட்டுறேன். நம்ம கிரீனை கார்ன்மோர் கிரீன் மாதிரி ஆக்கிக் காட்டுறேன்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எதிர்த்து நின்றவர் கறிக்கடை இன்னஸ். ஆடுகள்மேல் அவருக்கு இயல்பாகவே ஒரு பாசம். ஆனால் கார்ன்மோரில் ஆடியவர் முன்னால் ஆடாதவர் எப்படி நிற்க முடியும்? லாக்லன் ஜெயித்த மாதிரிதான் என்று ஊரே பேசிக்கொண்டது.

இங்கே உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். லாக்லன் கார்ன்மோரில் ஆடியது உண்மை. ஆனால் ஆடியது ஜனவரி மாதத்தில்.

குளிர்காலத்தில் அந்த மைதானத்துப் புல்லை மட்டையால் பெயர்த்துவிடக் கூடாது என்று ஆளுக்கு ஒரு சின்னப் பாய் கொடுப்பார்கள். செயற்கைப் புல்லால் செய்த கையகலப் பாய். பந்து எங்கே விழுந்தாலும் அதை எடுத்து, கீழே பாயைப் போட்டு, பாய்மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். உண்மையான கிரீன்களைக் கயிறு கட்டி மூடிவிட்டு, அதற்கு முன்னால் எங்கேயாவது தற்காலிகமாக ஒரு குழி தோண்டியிருப்பார்கள். லாக்லன் ஆடிய அன்று பனிமூட்டம் வேறு. முழங்கால் வரை இருந்த காட்டுப்புல்லை அவர் பார்க்கவில்லை. தன் முழங்காலையே பார்க்கவில்லை. நினைவுக்காக அந்தப் பாயை மட்டும் வாங்கிவந்து, மட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வீட்டுப் பின்பக்கம் தினமும் அதில் வைத்துப் பந்தடித்துப் பழகினார். இதெல்லாம் அவர் மனைவி எல்ஸ்பெத்துக்கு மட்டும் தெரியும்.

இந்த ஆண்டு சாம்பியன்ஷிப் கார்ன்மோரில் நடந்தது. அது ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. மறுநாள் கொடிகளைப் பிடுங்காமல், புல்லை வெட்டாமல், அப்படியே வைத்துச் சுற்றுவட்டாரத்துச் சின்ன கிளப்புகளை ஆடக் கூப்பிடுவது அங்கே வழக்கம். எங்கள் கிளப்புக்கு மூன்று இடம் கிடைத்தது. கேப்டன் ரோனாவுக்கு ஒன்று. அந்த அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்ற இரண்டும் தேர்தலில் நிற்கிற இருவருக்கு. அன்று சாயங்காலமே ஓட்டெடுப்பு.

காலையில் லாக்லனுக்குத் தேநீர் இறங்கவில்லை.

"பேசாம காய்ச்சல்னு சொல்லிடுங்களேன்" என்றாள் எல்ஸ்பெத்.

"என்ன பேசுற நீ? அங்க ஆடினவன் நான்."

"அதனாலதான் சொல்றேன்."

முதல் குழிக்கு லாக்லன் அடித்த முதல் அடி நன்றாகவே விழுந்தது. பந்து வழித்தடத்தின் நட்டநடுவில், பச்சைப் பட்டு விரித்த மாதிரி இருந்த புல்லில் உட்கார்ந்திருந்தது. இருபுறமும் பார்வையாளர் மாடங்கள் காலியாக நின்றன. தொழிலாளர்கள் ஒரு பக்கம் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். லாக்லன் பந்தருகே போனார். குனிந்தார். பந்தை எடுத்தார். கை தானாகப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தது. பாயை உருவிக் கீழே போட்டு, அதன்மேல் பந்தை வைத்து, காலை அகட்டி நின்றார்.

கடற்காகம் ஒன்று கத்தியது.

"தம்பி," என்றார் ரோனா மெதுவாக, "அது என்னது?"

லாக்லன் கீழே பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். ஓடி ஒளிய ஒரு மரம்கூட அந்தக் கடற்கரையில் கிடையாது.

"பாயி!" இன்னஸ் மட்டையைக் கீழே போட்டுவிட்டார். "ஜூலை மாசத்துல பாயி! யோவ், அப்போ நீ ஆடினது..."

"ஜனவரி."

"கிரீனு?"

"தற்காலிகம்."

"முழங்கால் புல்லு?"

"பனிப்பா. ஒண்ணும் தெரியல."

இன்னஸ் புல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எத்தனை வருஷமாய்யா எங்க உயிரை வாங்கின! இரு, சாயங்காலம் கூட்டத்துல வச்சுக்கிறேன்." பாயைச் சுருட்டித் தன் பைக்குள் செருகிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. வழித்தடத்தின் இரு ஓரத்திலும் முழங்கால் வரைக்கும் காட்டுப்புல் உண்மையாகவே இருந்தது. லாக்லன் இத்தனை நாள் சொன்ன பொய் ஒவ்வொன்றும் மெய்யாகி அவரைத் திருப்பி அடித்தது. பந்தைத் தேடப் போன இன்னஸ் தன் தொப்பியைத் தொலைத்தார். பதினாலாவது கிரீனில் லாக்லன் பந்தைத் தட்டக்கூட இல்லை, தடவினார். அது குழியைத் தாண்டி, கிரீனைத் தாண்டி, யாரோ கூப்பிட்ட மாதிரி நேராக மணல் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் அவர் ஊரில் பாதிப் பேருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இப்போது முதல்முறையாக அதற்குள் நின்றார். விளிம்பு தலைக்குமேல் இருந்தது.

"எப்படி இருக்கு உள்ள?" என்று மேலிருந்து கேட்டார் ரோனா.

"சொன்னதைவிட ஆழங்க்கா."

கடைசிக் குழியில் மட்டும் ஒரு அதிசயம். கிரீனின் ஒரு கோடியிலிருந்து லாக்லன் தட்டிய பந்து வளைந்து, தயங்கி, பிறகு 'சரி, பாவம்' என்பது போல் குழிக்குள் இறங்கியது. கம்பி கழற்றிக்கொண்டிருந்தவர்கள் மேலேயிருந்து கைதட்டி விசிலடித்தார்கள். கேலிதான். ஆனாலும் லாக்லன் தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் வணங்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் கிளப்பில் கூட்டம் நிரம்பி வழிந்தது. இன்னஸ் பாயைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். நேற்றுவரை லாக்லனுக்கு ஓட்டு என்று சொன்னவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னஸ் வாயைத் திறப்பதற்குள் லாக்லன் எழுந்துவிட்டார்.

"அதை எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிப் பிடி இன்னஸ். நன்றி. நண்பர்களே, அது கார்ன்மோர் குளிர்காலப் பாய். நான் அங்க முதல்ல ஆடினது அந்தப் பாய்லதான். இன்னைக்குப் புல்லுல ஆடினேன். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். பாய்லயும் ஆடி, புல்லுலயும் ஆடினவங்க இந்த ரூம்ல வேற யார் இருக்கீங்க?"

ஒரு கைகூட எழவில்லை. பாயைத் தூக்கிப் பிடித்தபடி இன்னஸ் விளம்பரப் பலகை மாதிரி நின்றார்.

"இன்னொண்ணு," என்றார் லாக்லன். "அங்க கிரீன்ல பந்து நிக்கவே மாட்டேங்குது. நம்ம கிரீன்ல நிக்குது. ஆடுங்க இருந்துட்டுப் போகட்டும்."

முதலில் சிரித்தவர் ரோனா. "தம்பிக்கே போட்டுடுங்கப்பா ஓட்ட. கார்ன்மோர் கதையையெல்லாம் கமிட்டிக் கூட்டத்துல பேசித் தீத்துக்கட்டும். நாம பார்ல நிம்மதியா குடிக்கலாம்." லாக்லன் தலைவரானார். இன்னஸே கைதூக்கினார் என்றால் பாருங்கள்.

அந்த நிம்மதி ஒரு ராத்திரிதான் நீடித்தது. மறுநாள் காலை இன்னஸ் கடையில் ஆட்டுத்தொடை வாங்க நின்ற எல்ஸ்பெத்திடம், கத்தியைத் தீட்டிக்கொண்டே அவர் ஆரம்பித்தார்: "இந்தத் தொடை எவ்வளவு வழவழன்னு இருக்கு பாத்தீங்களா? கார்ன்மோர்ல நான் ஆடினப்போ, பதினாலாவது கிரீன் இப்படித்தான்..."

எல்ஸ்பெத் கறியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

நமக்குத்தான் கோல்ஃப் ஆடத் தெரியாதே, தப்பித்தோம் என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் டிவியில் கிரிக்கெட் ஓடும்போது சோபாவில் சாய்ந்துகொண்டு, "பிட்ச் சரியில்லப்பா, நான் ஒரு தடவ அந்த கிரவுண்டுக்குப் போயிருக்கேன்" என்று வீட்டாருக்கு விளக்கம் சொன்னது யார்? எதற்கும் உங்கள் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சின்னதாக ஒரு பாய் சுருண்டு கிடக்கப்போகிறது.