ரெண்டு கட்டத்திலும் ஒரே பையன்

மாரியம்மன் துணை

பசுந்தாங், பர்மா

நம் கோயில் மலர் ஆசிரியர் விநாயகமூர்த்தி அண்ணனுக்கு, சித்ராதேவி கைகூப்பி எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே சுகமா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஐந்து வருஷமாக அடிதடி, கத்திக்குத்தில் பிடிபட்ட இளவட்டங்களை இனவாரியாக நான் எழுதி அனுப்ப, போன இதழில் பெருமையாகப் போட்டீர்கள். தமிழர் கட்டம் ஏறுகிறது, பர்மியர் கட்டமும் ஏறுகிறது. வார்டு தலைவர் தமிழர் கட்டத்தை மட்டும் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வாசலில் வந்து, "உங்க பசங்கதான் கூடிக்கிட்டே போறாங்களாமே, டோ சித்ரா? வெள்ளிக்கிழமை மகனைக் கூட்டிட்டு வாங்க, சந்தேகப் புத்தகத்துல பேர் பதியணும்" என்று, 'டோ' போட்டுக் கூப்பிடும் மரியாதை மட்டும் குறையாமல், பர்மியில் சொல்லிப்போனார். என் ரமணனுக்குப் பதினேழு வயசு. கொசுவை அடிக்கவே யோசிப்பான்.

பதறிப்போய்க் கணக்கைக் கூட்டினேன். கூட்டியதுதான் வினை. பேர் எழுதுவது பாவமென்று நான் கோடு மட்டுமே போடுவேன். கோடு பதினாலு. ஆனால் இந்தத் தெருவில் வளர்ந்த பையன்களே என் ரமணனையும் சேர்த்துப் பதினொன்றுதான் அண்ணா! மிச்சம் மூன்று பேர் யார் பெற்றவர்கள்? அம்மனுக்கு மூன்று திரி கூடுதலாகப் போட்டேன். அன்றிலிருந்து மாடிப்படியில் காலடி கேட்கிறது. ஏறுகிறது, எந்தக் கதவும் திறப்பதில்லை.

எதிர்வீட்டு ருக்சார் வந்து, "அக்கா, உங்க ரமணன் இப்பத்தான் மேல போனான். திரும்பவும் போறான். நடுவுல எறங்கவே இல்லையே, எப்படிக்கா?" என்றாள்.

"சும்மா இருடி, பயமுறுத்தாத" என்று நோட்டைக் காட்டினேன். எப்படிக் கோடு போடுகிறேன் என்று கேட்டவள் சிரித்துவிட்டாள்.

"அடையாள அட்டையில இனம்னு இந்தியா, பர்மா ரெண்டும் இருந்தா ரெண்டு கட்டத்துலயுமா போடுவீங்க?"

பின்னே? அப்பன் இனத்தை எழுதிவிட்டு ஆத்தாள் இனத்தை விட்டால் அம்மன் பொறுப்பாளா? முதல் மூன்று வருஷம் முகம் பார்த்து எழுதினேன், ஆறு பேர். அப்புறம் அட்டை பார்த்து எழுதினேன், நாலு பேர் எட்டாகிவிட்டார்கள். வருஷத்துக்கு எப்போதும் இரண்டே பேர்தான் அண்ணா. எதுவும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் போட்டு என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்.

அம்மன் உங்கள் பேனாவையும் குடும்பத்தையும் காக்கட்டும்.

வணக்கத்துடன்,
சித்ராதேவி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வார்டு தலைவர் போன் பண்ணினார். ரமணன் தானாகவே வந்து பேர் பதிந்துவிட்டானாம், எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறானாம். அவனிடமே கொடுத்தார். "அம்மா, சாப்பிட்டியா?" என்றான். அவன் குரல்தான். அடுப்படியில் ரமணன் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறான். திருத்தம் வேண்டாம் அண்ணா. பதினாலு கோடும் சரிதான்.